தேன்பெட்டியடியில் அரை மணித்தியாலம்

எங்கள் அலுவலகப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி மாத வருமானம் பற்றியது. வீடு வீடாகப் போய் அதை நிரப்புவது பல வருடங்களாக என் தொழில். கோழி வளர்க்கிறீர்களா, எத்தனை முட்டை, என்ன விலை? தையல் இயந்திரம் கிடைத்ததா, கிழமைக்கு எத்தனை சட்டை தைக்கிறீர்கள்? இப்படிக் கேட்டுக் கேட்டு, ஒரு பெண்ணின் முற்றத்தில் எதைக் கண்டாலும் அதை ரூபாவாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் அந்தக் கேள்வி என்னிடமே திரும்பி வந்தது. நான் தேன்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரக்குற்றியில் குந்தியிருந்தேன். பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஒவ்வொரு நாளும் அதுக்கு முன்னாலை தவம் இருக்கிறாய். மாதம் எவ்வளவு வரும்?"

"மாதம் ஒண்டும் வராது அக்கா. வருசத்துக்கு ரெண்டு மூண்டு போத்தல் தேன் வந்தால் பெரிய காரியம்."

"பிறகேன் மினைக்கெடுறாய்?"

"பார்த்துக்கொண்டிருக்க ஆசையாய் இருக்கு."

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது. களவு செய்து பிடிபட்டவள் போல உணர்ந்தேன். அந்தக் கூச்சத்தைப் பற்றியும், அதற்குக் காரணமான தேனீக்களைப் பற்றியும் என் சகோதரிகளான உங்களோடு கதைக்க விரும்புகிறேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுத் தண்ணீர் பாயும் ஒரு வயல் கிராமத்தில் பிறந்தவள். 2009 இல் உங்களில் பலரைப் போல எங்கள் குடும்பமும் நடந்தும் பதுங்குகுழிகளில் கிடந்தும் கடைசியில் மெனிக்பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. மீளக்குடியேறிய பின்னர் பல்கலைக்கழகம் போய்ச் சமூகவியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் சமூகசேவை வேலை. அன்றிலிருந்து பகலெல்லாம் மற்றவர்களின் துன்பத்தைக் கேட்பதும், இரவில் அதை அறிக்கையாக எழுதுவதுமாகக் காலம் போனது. எனக்கென்று ஒரு பொழுதுபோக்கு இருக்கிறதா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டார்கள். வீட்டில் அடைபட்டுக் கிடந்த ஒரு காலையில், கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்த வெடித்த மண்முட்டிக்குள்ளிருந்து இரைச்சல் கேட்டது. கிட்டப் போனேன். வெடிப்பினூடாகத் தேனீக்கள் போய் வந்துகொண்டிருந்தன. "வந்த சீவனைக் கலைக்காதை" என்றார் அம்மா. அப்பு உயிரோடு இருந்த காலத்தில் காட்டிலிருந்து பொந்துத் தேன் கொண்டுவருவார். சிறுவயதில் அந்தத் தேன்வதையை மெழுகோடு மென்று துப்பிய ருசி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

ஊரடங்கு தளர்ந்ததும், அடுத்த கிராமத்தில் தேனீ வளர்க்கும் ஓர் ஐயாவைக் கூட்டிவந்தேன். என்றோ முடிந்துபோன ஒரு திட்டத்தின் மிச்சமாகக் களஞ்சியத்தில் கிடந்த தேன்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஐயா முட்டியை மெல்ல உடைத்து, அதிலிருந்த வதைகளை வெட்டி, வாழைநாரால் மரச்சட்டங்களில் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினார். சில நாட்களில் தேனீக்கள் வதைகளைச் சட்டத்தோடு மெழுகால் ஒட்டிவிட்டு, கட்டியிருந்த நாரைக் கடித்துக் கடித்து வெளியே தள்ளின. முகத்தை மூட எனக்கு வலை வேண்டியிருந்தது. அம்மா ஒரு பழைய நுளம்பு வலையை எடுத்துத் தந்தார். முகாமில் கிடைத்தது. எறிய மனம் வராமல் பெட்டகத்தில் வைத்திருந்தாராம். அதை ஒரு தொப்பியின் மேல் போட்டுத் தைத்துக்கொண்டேன்.

எங்கள் நாட்டில் பெட்டியில் வளர்க்கப்படுவது பொந்துத் தேனீ. பெருந்தேனீயையும் கொம்புத் தேனீயையும் பெட்டியில் அடக்க முடியாது. அவை திறந்த வெளியில் ஒற்றை வதை கட்டி வாழ்பவை. பொந்துத் தேனீ இருட்டான இடத்தில் பல வதைகளை அடுத்தடுத்துக் கட்டும். என்னிடம் இருப்பது நியூட்டன் பெட்டி. 1910 அளவில் தென்னிந்தியாவில் நியூட்டன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் நம்முடைய சிறிய தேனீக்களுக்கு ஏற்ற அளவில் அதை அமைத்தார். கீழறையில் முட்டையும் குஞ்சுகளும் இருக்கும். மேலறையில் தேன் சேரும்.

இப்படியான பெட்டிகளுக்கெல்லாம் அடிப்படையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த லாங்ஸ்ட்ரொத் என்ற போதகர். வதைகளுக்கிடையே ஒரு சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவான இடைவெளி விட்டால், தேனீக்கள் அதை மெழுகால் அடைக்காமல் நடைபாதையாக வைத்துக்கொள்ளும் என்பதை அவர் 1851 இல் கவனித்தார். அதன் பிறகுதான் வதையை உடைக்காமல் சட்டத்தோடு வெளியே எடுத்துப் பார்க்க முடிந்தது. அவர் வாழ்நாளில் அடிக்கடி கடும் மனச்சோர்வினால் அவதிப்பட்டவர் என்று வாசித்தபோது எனக்கு அவர்மேல் ஒரு சொந்தம் உண்டாயிற்று.

பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான தேனீக்கள் இருக்கும். அவற்றுள் முட்டையிடும் இராணி ஒன்றுதான். ஆண்தேனீக்கள் கொஞ்சம். மற்றதெல்லாம் வேலைக்காரத் தேனீக்கள், எல்லாம் பெண்கள். இளம் தேனீ முதலில் வதையின் அறைகளைத் துப்புரவாக்கும். பிறகு குஞ்சுகளுக்கு ஊட்டும். அதன்பின் வயிற்றின் அடிப்பக்கத்தில் மெழுகு சுரந்து வதை கட்டும். அடுத்து வாசலில் காவல் நிற்கும். கடைசியாகத்தான் பூத் தேடி வெளியே போகும். பூக்காலத்தில் அதன் ஆயுள் ஆறு கிழமை அளவுதான். தேவைப்பட்டால் இந்த ஒழுங்கை மாற்றியும் வேலை செய்யும். யாரும் கட்டளை இடுவதில்லை. இராணி என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர அது ஆள்வதும் இல்லை. வேலைப்பகிர்வு பற்றிப் பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். அதை ஒரு பலகைப் பெட்டிக்குள் கண்டபோது வாயடைத்துப் போனேன்.

பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ, இருட்டுக்குள் வதையின் மேல் ஆடிக் காட்டும். மேல்நோக்கி ஆடினால் சூரியன் இருக்கும் பக்கம். சரிந்து ஆடினால் சூரியனிலிருந்து அதே அளவு சரிந்த திசை. உடலை அசைத்து ஓடும் நேரம் கூடினால் தூரமும் கூட. இதை விளங்கிச் சொன்ன கார்ல் வொன் ஃபிரிஷ் என்ற விஞ்ஞானிக்கு 1973 இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேலை முடிந்து ஐந்து மணிக்கு வீடு வருவேன். முகம் கழுவி, தேத்தண்ணீர்க் கோப்பையோடு பெட்டிக்குப் பக்கவாட்டில் குந்திவிடுவேன். நேர் முன்னால் இருந்தால் அவற்றின் பறப்புப் பாதையை மறித்துவிடுவோம். பின்னங்கால்களில் மகரந்த உருண்டைகளோடு தேனீக்கள் வந்து இறங்கும். ஒரு நாள் வெளிறிய மஞ்சள், இன்னொரு நாள் செம்மஞ்சள். எந்தப் பூவிலிருந்து வந்தது என்று வளவெல்லாம் தேடிப் பார்ப்பேன். தென்னம்பாளையா, முருங்கைப் பூவா, வாய்க்கால் கரையில் கிடக்கும் பூண்டா? பதினைந்து வருடங்களாக நடந்த ஒழுங்கையில் இத்தனை பூக்கள் பூக்கின்றன என்பதை அதன்பிறகுதான் கண்டேன். சில பின்னேரங்களில் இளம் தேனீக்கள் வெளியே வந்து, பெட்டியைப் பார்த்தபடி முன்னும் பின்னுமாகப் பறந்து வீட்டை அடையாளம் வைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போல ஒரே அமளி. பூக்காலத்து இரவில் பெட்டிக்கு வெளியே நின்றாலே தேன் மணக்கும். உள்ளே சிறகடித்து, தேனிலிருக்கும் தண்ணீரை வற்றவைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த அரை மணித்தியாலத்தில் பகலில் கேட்ட கதைகள் மனதில் இருந்து போய்விடுவதில்லை. ஆனால் மூச்சு ஆறுகிறது. கை மெதுவாகிறது. தேனீக்களுக்குப் பக்கத்தில் அவசரப்படவும் முடியாது.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நட்டம் வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் ஆர்வம் தாங்காமல் ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இராணி இருக்கிறதா, முட்டை இட்டதா, தேன் எவ்வளவு என்று சட்டங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதினேன். 2021 ஆனியில் மேலறையிலும் கீழறையிலும் இருந்த தேன் முழுவதையும் எடுத்தேன். மூன்று போத்தல் நிறைந்தது. பெருமையோடு அயலுக்கெல்லாம் கொடுத்தேன். அடுத்து வந்தது சோளகக் காற்றும் கடும் வெயிலும். பூ இல்லை. அவற்றிடம் சேமிப்பும் இல்லை. ஆவணியில் ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தபோது பெட்டி வெறுமையாக இருந்தது. காய்ந்த வதைகளும் சில எறும்புகளும்தான் மிச்சம்.

வேலிக்கு மேலால் பார்த்த அக்கா சொன்னார்: "எந்த நேரமும் திறந்து திறந்து பார்த்தால் ஆர் இருக்கும்? எங்களையும் உப்பிடித்தானே, வாறவையெல்லாம் திறந்து பார்த்திட்டுப் போச்சினம்."

அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. அக்காவின் கணவர் 2009 வைகாசியில் காணாமல் ஆக்கப்பட்டவர். முகாமில் பதிந்தார்கள். மீள்குடியேற்றத்தில் பதிந்தார்கள். 2010 இல் ஓர் ஆணைக்குழு, 2013 இல் இன்னொன்று, 2018 இல் ஓர் அலுவலகம். இடையிடையே ஆய்வாளர்கள். அவர்களுள் நானும் ஒருத்தி. என் இறுதி வருட ஆய்வுக்காக ஒரு தாயிடம் போய் அவருடைய மகனைப் பற்றிக் கேட்டேன். "பிள்ளை, இதை நான் இப்ப ஏழாந்தரம் சொல்லுறன்" என்றுவிட்டு அவர் சொல்லத் தொடங்கினார். நான் அந்த வாக்கியத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஆய்வுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அந்தத் தாய்க்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லாத் தேனையும் எடுத்துவிட்டு வதையை மூடியது போலத்தான் அன்று அந்த வீட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

2022 மாசியில் புதிய கூட்டமொன்று கிடைத்தது. அந்த வருட நெருக்கடி உங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசை. சீனி விலை ஏறியபடி இருந்தது. பூ இல்லாத காலத்தில் தேனீக்களுக்குச் சீனிப்பாணி வைக்க வேண்டும். "மனிசருக்கே சீனி இல்லை, உனக்குப் பூச்சிக்கு வேணுமோ?" என்று அம்மா ஏசினார். அதனால் அந்த முறை தேனே எடுக்காமல் அவற்றுக்கே விட்டேன். கூட்டம் நிலைத்தது. இப்போது பூக்காலத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை மட்டும் திறக்கிறேன். மற்ற நாட்களில் வாசலைப் பார்த்தே உள்ளே நடப்பதை ஊகிக்கலாம். மகரந்தம் மும்முரமாகப் போனால் உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. வாசலில் மெழுகுத் துகளும் புழுவும் கிடந்தால் மெழுகு அந்து புகுந்திருக்கிறது. அப்போது மட்டும் கட்டாயம் திறந்து துப்புரவாக்க வேண்டும்.

ஆசைப்படும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில விடயங்கள். பெட்டியை மரநிழலில், ஆட்கள் நடமாட்டம் குறைந்த பக்கத்தில் வையுங்கள். தாங்கியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பேணிகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கிட்டடியில் ஒரு சட்டியில் தண்ணீரும் மிதக்கச் சிரட்டைத் துண்டும் போட்டுவிடுங்கள். திறக்கும்போது தேங்காய்ப் பொச்சைப் புகையவைத்து மெல்லிய புகை காட்டினால் போதும். வாசனைப் பூச்சு வேண்டாம். வெளிர் நிற உடுப்பு நல்லது. கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கழுவ வேண்டும். கொட்டிய இடத்தின் மணம் மற்றத் தேனீக்களையும் உசுப்பும். யாருக்காவது மூச்சு முட்டினாலோ முகமும் நாக்கும் வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒரு சிலருக்குத் தேனீ விஷம் உயிராபத்து.

தேன் எடுக்கும்போது தேனீக்கள் மெழுகால் மூடி முத்திரையிட்ட வதையை மட்டும் எடுக்க வேண்டும். மூடாத தேனில் தண்ணீர் கூட. வைத்திருந்தால் புளித்துவிடும். கீழறையைத் தொடக்கூடாது. மேலறையிலும் ஒரு பங்கை அவற்றுக்கு விட வேண்டும். பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவுவது எங்கள் வீடுகளில் இருந்துவரும் வழக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து உடலை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் தேன் சீனியைப் போலத்தான்.

தேனைவிட எனக்கு மெழுகில் விருப்பம் அதிகம். ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறு, ஏழு கிலோ தேனாவது தேனீக்களுக்குச் செலவாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு துண்டையும் வீணாக்குவதில்லை. பழைய வதைகளைத் துணியில் கட்டி வெந்நீரில் உருக்கினால், ஆறியதும் மெழுகு மேலே கட்டியாகத் திரண்டு நிற்கும். ஒரு பங்கு மெழுகை நான்கு பங்கு தேங்காயெண்ணெயோடு, வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்த பேணியில் உருக்கி ஆறவிட்டால் குதிக்கால் வெடிப்புக்கு நல்ல பூச்சு. அடுப்பு நெருப்பில் நேரே வைத்தால் தீப்பிடிக்கும், கவனம்.

2023 இல் முதன்முறையாக மெழுகுதிரி செய்தேன். பப்பாசி இலைக்காம்பு உள்ளே கோறையாக இருக்குமல்லவா? அதை அச்சாக வைத்து, நடுவில் பருத்தி நூலை இழுத்துப் பிடித்து மெழுகை ஊற்றினேன். தேன் மணக்க ஆறு திரிகள் வந்தன. சந்தோசத்தில் இரண்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அது வைகாசி மாதம்.

"பதினெட்டாம் திகதிக்கு ஏத்துங்கோ அக்கா."

அக்கா திரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆருக்குப் பிள்ளை? அவர் இருக்கிறார்."

எத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறேன். மரணச் சான்றிதழை வாங்க மறுத்த அவருடைய கோவையை நானே கையில் வைத்திருந்திருக்கிறேன். இருந்தும் என் சந்தோசத்தின் அவசரத்தில் திறக்கக்கூடாத இடத்தைத் திறந்துவிட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

சற்றுப் பொறுத்து அக்காவே திரியை மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். "நல்ல மணம். நூலுக்குப் பூசலாம், சிக்காது. பொத்தான் தைக்க எடுக்கட்டே?" என்றார். இன்றும் அவருடைய தையல் பெட்டிக்குள் அந்தத் திரி இருக்கிறது. நூல் இழுத்து இழுத்துப் பக்கமெல்லாம் கோடு விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு சில பின்னேரங்களில் அவர் எங்கள் வளவுக்கு வரத் தொடங்கினார். நான் இன்னொரு குற்றியை உருட்டி வைத்தேன். நான் ஒன்றும் கேட்பதில்லை. அவரும் பெரிதாகக் கதைப்பதில்லை. பெட்டியில் மெல்லத் தட்டினால் உள்ளிருந்து 'உஸ்' என்று எல்லாமாகச் சீறும். அதைக் கேட்டு அவர் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பார். பக்கத்து வளவில் பத்து வருடம் இருந்தும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

வருமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் பசிக்கும் படிப்புக்கும் காசு வேண்டும். நுண்கடன் வாங்கிக் கலங்கும் குடும்பங்களை நாள்தோறும் காண்கிறவள் நான். ஆனால் யுத்தத்துக்குப் பின் எங்கள் கையில் கிடைத்ததெல்லாம் 'வாழ்வாதாரம்' என்ற பெயரோடுதான் வந்தது. கோழி, ஆடு, ஏன் பூக்கன்று கூட. எதையும் ஆசைக்காக வைத்திருப்பது பிழை என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிவிட்டது. சிரித்தால் ஊர் என்ன சொல்லும், இத்தனை பேரை இழந்துவிட்டுச் சந்தோசப்படலாமா என்ற கூச்சம் அதற்குள் இருக்கிறது. எனக்கு வந்த கூச்சமும் அதுதான். அக்காவின் சிரிப்பைக் கேட்ட பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது.

இப்போது படிவம் நிரப்பி முடிந்ததும் பேனையை மூடி வைத்துவிட்டு இன்னொன்று கேட்கிறேன். "உங்களுக்கு என்ன செய்ய விருப்பம், அக்கா?" அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. பதிலை நான் எழுதுவதும் இல்லை. சிலர் தையல், கோழி என்று திரும்பவும் தொழிலையே சொல்வார்கள். "அது சரி, காசுக்கில்லை, ஆசைக்கு" என்பேன். அப்போது ஒரு மௌனம் வரும். ஒருவர் செவ்வரத்தையில் ஒட்டுக் கட்டிப் பார்க்க ஆசை என்றார். இன்னொருவர் துவிச்சக்கரவண்டியில் தனியாகக் குளக்கட்டுவரை போய்வர வேண்டும் என்றார். ஒரு முதியவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "இதை ஒருத்தரும் கேக்கேல்லையே, வாற முறை சொல்லுறன்" என்றார். நான் காத்திருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வளவு அக்கா எனக்கு முன்னமே வந்து குற்றியில் இருந்தார். நான் தேத்தண்ணீரோடு போனதும் கையைக் காட்டி, "பிள்ளை, இண்டைக்கு வெள்ளை மாவோடை வருகுது. இது எந்தப் பூ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இருவரும் எழுந்து வாய்க்கால் கரைப் பக்கமாகத் தேடிப் போனோம்.